கீழிறங்குவோர் மூச்சு: மாணிக்கக் குழியும் முத்துக் கடலும்

இலங்கைத் தீவின் பெயரைப் பண்டை உலகில் பரப்பிய பொருள்களுள் மாணிக்கமும் முத்தும் தலையாயன. மாணிக்கம், சப்பிரகமுவ மலைச்சாரலில் களுகங்கையும் அதன் கிளையாறுகளும் கொணர்ந்து குவித்த பரற்படுகையிற் புதைந்து கிடப்பது. முத்து, மன்னார்க் குடாக்கடலின் பார்களில் சிப்பியின் வயிற்றிற் கிடப்பது. ஒன்றைப் பெற மண்ணுக்குள் இறங்க வேண்டும். மற்றதைப் பெற நீருக்குள் இறங்க வேண்டும். கல்லின் நிறத்தையும் முத்தின் ஒளியையும் வணிகரின் ஊதியத்தையும் பற்றி எழுதியோர் பலர். அவற்றை எடுக்கக் கீழிறங்கியவன் அங்கே எதனை மூச்சாக உட்கொண்டான் என்று வினவியோர் மிகச் சிலரே. ஆயினும் அவ்வினாவே இவ்விரு தொழில்களையும் ஒரே வரலாற்றினுட் கொண்டுவந்து நிறுத்துகின்றது. சுரங்கத்திற்காகக் கண்ட கருவி கடலுக்குச் சென்றதும், கடலிற் கற்ற பாடம் சுரங்கத்திற்கு மீளாது நின்றதும் அவ்வரலாற்றின் இரு பகுதிகளாம்.

முதலில் குழியைப் பார்ப்போம். இரத்தினபுரி, பெல்மதுளை, நிவித்திகலை, கஹவத்தை முதலிய ஊர்களின் வயல்வெளிகளிலும், ஓரோவிடத்து இறப்பர்த் தோட்டங்களின் தாழ்நிலங்களிலும், மாணிக்கக் குழிகள் வெட்டப்படுகின்றன. சிங்களத்தில் ‘இல்லம’ எனப்படும் கற்செறிந்த பரற்படை சிலவிடத்து மூன்று நான்கு மீற்றர் ஆழத்திலேயே எதிர்ப்படும். சிலவிடத்து இருபது மீற்றருக்குக் கீழே ஒளிந்திருக்கும். சதுரமாக வெட்டிய குழியின் பக்கங்கள் சரிந்து விழாதபடி கமுகந்தண்டும் இறப்பர்மரக் கட்டையும் கொண்டு சட்டம் அமைப்பர். சட்டத்திற்கும் மண்ணுக்கும் இடையே பன்னத் தழையைத் திணிப்பர். நீர் உள்ளே வரத் தழை வழிவிடும், சேற்றை மறிக்கும். அடியில் இல்லப் படை கண்டதும் நாற்புறமும் தாழ்ந்த சுரங்க வழிகள் செல்லும். அவற்றினுள் நிமிர்ந்து நடத்தல் இயலாது; குந்தியிருந்தே வெட்டுதல் வேண்டும். வெட்டிய பரலைக் கையாற் சுற்றும் இராட்டினத்தாற் கூடை கூடையாக மேலேற்றுவர்.

இக்குழிகளின் காற்றுக் கேடுறுவதற்குக் காரணங்கள் பல. இரத்தினபுரிப் படுகைகள் வெறும் மணலும் கல்லும் அல்ல. பண்டைச் சதுப்பு நிலங்களின் கரிய களியும் மக்கிய மரமும் அவற்றினிடையே அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. இத்தீவில் இன்று காணப்படாத நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்புகளை இப்படுகைகளிலிருந்தே பி. ஈ. பி. தெரணியகல திரட்டி ஆராய்ந்தார் என்பது அறிஞர் அறிந்தது. மக்கும் பொருள் ஒட்சிசனை உண்டு காபனீரொட்சைட்டைக் கக்கும். அவ்வாயு காற்றினும் கனமானதாதலின் குழியின் அடியிற் படியும். சில நாள் வெட்டாது விட்ட குழியில் திடீரென இறங்குதல் ஆகாதென்பது அத்தொழிலாளர் வழிவழியாக அறிந்த செய்தி. ஆதலின் இறங்குமுன் எரியும் மெழுகுவர்த்தியைக் கயிற்றிற் கட்டி உள்ளே விடுவர். சுடர் நின்றால் ஆள் இறங்குவான். சுடர் அணைந்தால் தழைக்கொத்தை மேலும் கீழும் ஆட்டியோ நீரைத் தெளித்தோ ஊதுகருவி வைத்தோ காற்றைப் புதுப்பிப்பர்.

இம்மெழுகுவர்த்தியை எள்ளுதல் அறியாமை. சாதாரணக் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஒட்சிசன் உண்டு. அது ஏறத்தாழ 16, 17 பங்காகக் குறைந்தவிடத்துச் சுடர் அணைந்துவிடும். மனிதனோ அக்காற்றில் உடனே மயங்குவதில்லை. ஏறிவர அவனுக்குப் பொழுதுண்டு. ஆகவே ஒட்சிசன் குறைவை அறிவிப்பதில் மெழுகுவர்த்தி மனித உடலினும் முந்திக்கொள்ளும் நல்ல கருவியேயாம். அது அறிவிக்கமாட்டாத நஞ்சு ஒன்றுண்டு. அந்நஞ்சு குழியிற் பிறப்பதன்று. பிற்காலத்து எந்திரத்தோடு வந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இனிக் கடல். தமிழ்க் கரையின் முத்துக்குளிப்பு மிகத் தொன்மையானது. கொற்கை முத்துப் பற்றிச் சங்க நூல்கள் கூறும். கிறித்துவுக்குப்பின் முதல் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் ‘பெரிப்புளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், அங்கே முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் எனக் குறிக்கின்றது. அக்குறிப்பே, கீழிறங்கும் தொழிலின் இடரை அக்காலத்தார் எவ்வாறு மதித்தனர் என்பதற்குச் சான்று. மன்னார்க் குடாவின் இலங்கைக் கரையில் அரிப்பு, சிலாபத்துறை, மருச்சுக்கட்டி ஆகியவை சலாபம் கூடிய இடங்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் என ஆட்சிகள் மாறினும் குளிக்கும் முறை மாறவில்லை. குளியாளி கற்குண்டிற் கால் வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, ஐந்து முதல் பத்துப் பாக ஆழம் வரை இறங்குவான். அரேபியக் குளியாளிகள் மூக்கிற் கொம்பினாலான கவ்வியை மாட்டுவர். ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ சிப்பியை வாரிக் கூடையிலிட்டுக் கயிற்றை அசைப்பான். மேலிருப்போன் இழுப்பான்.

அம்மேலிருப்போன் யார் என்பது இங்கே கருதத்தக்கது. மனைவியின் உடன்பிறந்தானையே கயிறு பிடிக்க வைப்பது வழக்கமென்று தூத்துக்குடிக் கரையிற் சொல்வர். தமக்கையோ தங்கையோ தாலியிழக்க எந்த மைத்துனனும் ஒருப்படான் என்பது அதன் பொருள். சொல்வழக்கே எனினும், நீரடியில் உள்ளவன் உயிர் நீர்மேல் உள்ளவன் கவனத்திலேயே தங்கியிருக்கின்றது என்ற உண்மையை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது. குளியாளியின் நுரையீரலில் இருந்ததோ தூய கடற்காற்று. அதில் எண்ணெயும் புகையும் இல்லை. மூச்சடைப்பு, சுறா, செவிப்பறைக் கிழிவு என்பன அவன் பகைகள். இரசாயன நஞ்சு அவற்றுள் ஒன்றன்று. காற்றை மேலிருந்து குழாய்வழி அனுப்பத் தொடங்கிய அன்றுதான், அனுப்பப்படும் காற்று எத்தகையது என்ற வினாவும் பிறந்தது.

குழாய்வழிக் காற்றின் தொடக்கம் கடலில் அன்று, தீயில். 1823 இல் இங்கிலாந்தில் சாள்ஸ் அந்தனி டீன் என்பார், புகை சூழ்ந்த இடத்துட் புகுவோர்க்காகச் செப்புத் தலைக்கவசம் ஒன்றிற்கு உரிமை பெற்றார். துருத்தியால் ஊதப்பட்ட காற்று தோற்குழாய் வழியே அதனுட் செல்லும். தீயணைப்போர் அதனை விரும்பியேற்கவில்லை. டீனும் அவர் உடன்பிறந்தாரும் அக்கவசத்தையே நீருக்குத் திருப்பினர். இலண்டனில் வாழ்ந்த செர்மானியரான அகத்தசு சீபே அதனைச் செப்பஞ் செய்து, 1830 களின் இறுதியில் உடல் முழுவதும் நீர்புகாத மூடிய உடையோடு இணைத்தார். 1839 முதல் ‘றோயல் ஜோர்ஜ்’ என்னும் மூழ்கிய போர்க்கப்பலை அகற்றும் பணியில் அவ்வுடை தன் திறத்தைக் காட்டிற்று. புகையிலிருந்து மனிதனைக் காக்க எழுந்த கருவியின் வழித்தோன்றல்களே பிற்காலத்தில் எந்திரப் புகையை மனிதனுக்கு ஊட்டும் வாயிலாயின என்பதை என்னென்பது!

மூடிய உடைக்கு உயிர் தந்தது இறப்பர். இரு துணிகளுக்கிடையே இறப்பரைப் பூசி ஒட்டும் மக்கின்ரோசின் முறையாலன்றி நீர்புகாத உடை அமைந்திராது. அக்காலத்து இறப்பர் தென்னமெரிக்கக் காடுகளிற் கிடைத்தது. 1876 இல் கியூ தோட்டத்தில் முளைப்பிக்கப்பட்ட 1,919 செடிகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பெற்று, ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சப்பிரகமுவத் தாழ்மலைகளை மூடின. தெரணியகலை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்றை, இறக்குவானை ஆகிய பக்கங்களில் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் குடியேற்றப்பட்டதற்கு இறப்பரே பெருங்காரணம். அன்று முதல் விடியற்பொழுதிற் பால் வெட்டிப் புகைக்கூடத்திற் கருஞ்சிவப்பாக உலர்த்திய தாள்கள் எந்தத் தொழிற்சாலைக்குச் சென்றன, எந்தக் குழாயாயின என்று கூறுதற்கில்லை. ஆயினும் உலகின் சுழியோடிகள் கவ்விய வாய்க்குழாயும் அணிந்த முகமூடியும் நெடுங்காலம் இப்பாலினாலேயே ஆயின.

சுரங்கத்திற்கும் கடலுக்கும் உள்ள உறவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நெருங்கிற்று. 1860 அளவில் பிரான்சின் நிலக்கரிப் பகுதியைச் சேர்ந்த சுரங்கப் பொறியியலார் பெனுவா றூக்கேறோல், நச்சுக்காற்று நிறைந்த சுரங்கத்தில் மீட்புப்பணி செய்வோர்க்காக, மூச்சிழுக்கும் அளவிற்கு மட்டுமே காற்றைவிடும் அடைப்பான் ஒன்றை அமைத்தார். கடற்படை அலுவலரான தெனேறூஸ் அவரோடு சேர, அது சுழியோடியின் முதுகிற் சென்று அமர்ந்தது. இன்றைய சுழியோடிகள் பயன்படுத்தும் ஒழுங்காக்கியின் மூதாதை அதுவே. 1943 இல் கூஸ்தோவும் கஞ்ஞானும் அதனைப் புதுப்பித்தனர்.

வேறொரு வழியை ஹென்றி புளூஸ் கண்டார். வெளிவிட்ட மூச்சையே எரிபொற்றாசில் நனைத்த கயிற்றுநாரினூடு செலுத்திக் காபனீரொட்சைட்டை நீக்கி, ஒட்சிசனைச் சேர்த்து மீளச் சுவாசிக்கும் பை அது. 1880 இல் நீர் புகுந்த செவேர்ண் சுரங்கப்பாதையினுள் அலெக்சாந்தர் லம்பேட் என்னும் சுழியோடி அதனை அணிந்து இருளில் நெடுந்தூரம் சென்று இரும்புக் கதவொன்றை மூடி வந்தார். அவ்வாண்டிலேயே வெடிப்புக்குள்ளான சீகம் நிலக்கரிச் சுரங்கத்திலும் அக்கருவி பயன்பட்டது. ஆனால் மருந்தே நஞ்சாகும் இடமும் இதுவே. நீர் உட்புகுந்து எரிபொற்றாசையோ பிற்காலத்துச் சோடாச் சுண்ணாம்பையோ கரைத்தால், அக்காரக் கரைசல் வாயையும் தொண்டையையும் சுட்டுப் புண்ணாக்கும். அன்றியும் தூய ஒட்சிசன் அமுக்கத்தின்கீழ் வலிப்பை உண்டாக்கும் என்பது புளூஸ் காலத்தில் நன்கு உணரப்படவில்லை. இவ்வகைக் கருவிகள் கடற்படையினர்க்கே பெரிதும் உரியனவாதலின் இங்கே விரிக்கவேண்டுவதில்லை.

குழியையும் கடலையும் ஒரே அறிவினாற் கட்டிய பெருமை ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்பாரையே சாரும். எடின்பரோவிற் பிறந்து ஒக்ஸ்போட்டிற் பணியாற்றிய இவ்வுடற்றொழிலியல் அறிஞர், ஆய்வுகூடத்தினும் சாக்கடையிலும் சுரங்கத்திலும் மிகுதியாகக் காணப்பட்டவர். 1896 சனவரியில் வேல்சு நாட்டின் தைலர்ஸ்ரவுன் சுரங்கத்தில் வெடிப்பு நிகழ்ந்து 57 பேர் மாண்டனர். அவர்கள் வெடியதிர்ச்சியால் இறந்தனர் என்றே அனைவரும் எண்ணினர். ஹோல்டேன் உடல்களை நோக்கினார். பலரின் தோல் உயிருள்ளோர்போற் செந்நிறமாயிருந்தது. வெடிப்பில் தப்பி வெளியேற நடந்தோரை, வெடிப்பின் பின் பரவிய காபனோரொட்சைட்டே கொன்றதென அவர் நிறுவினார்.

காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் சுவையும் அற்றது. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதினும் இருநூறு மடங்குக்கு மேலாக இதனைப் பற்றும். ஆயிரம் பங்கு காற்றில் ஒரு பங்கு கலந்திருந்தாலே சில மணி நேரத்தில் உயிர்க்கு இறுதியாகலாம். வேலை செய்வோன் மூச்சு விரைந்தோடுதலின் அவனை விரைந்து கொல்லும். ஹோல்டேன் இதனைத் தாமே சுவாசித்துத் தம் குருதியைச் சோதித்து அறிந்தார். சிறிய உயிர்களின் குருதி விரைவில் நஞ்சுறுதலைக் கண்டு, சுண்டெலியையோ சிறு பறவையையோ சுரங்கத்திற்குக் கொண்டுசெல்லுமாறு கூறினார். கூண்டுக் கனேரிக் குருவி பிரித்தானியச் சுரங்கங்களில் 1986 வரை பணியிலிருந்தது. மெழுகுவர்த்தி இருக்கக் குருவி எதற்கு என்பார்க்கு விடை எளிது: ஆளைக் கொல்லும் அளவு காபனோரொட்சைட்டு உள்ள காற்றிலும் ஒட்சிசன் குறையாதிருக்கலாம், அங்கே சுடர் செவ்வையாக எரியும்.

1905 இல் பிரித்தானியக் கடற்படை ஆழ்கடற் சுழியோட்டத்தை ஆராய ஒரு குழுவை அமைத்தபோது, சுரங்கக் காற்றை அறிந்த இவரையே நாடிற்று. நூறு அடிக்குக் கீழே சென்ற சுழியோடிகள் மூச்சுத் திணறிச் செயலிழப்பதேன் என்பதே முதல் வினா. அமுக்கத்தினால் ஆள் களைப்புறுகிறான் என்று பலர் கருதினர். ஹோல்டேன் தலைக்கவசத்தினுள் இருந்த காற்றை எடுத்துச் சோதித்தார், பம்புகளையும் சோதித்தார். பம்புகள் ஆழத்து அமுக்கத்திற்கு எதிராகத் தள்ளும்போது ஒழுகின. ஆழத்தில் உள்ளவனுக்குப் போதிய காற்றுச் செல்லாமையால் அவன் விட்ட காபனீரொட்சைட்டே கவசத்துள் திரண்டு அவனைத் திணறடித்தது. எவ்வாழத்திலும், அவ்வாழத்து அமுக்கத்தில் அளந்தால் நிமிடத்திற்கு ஒன்றரைக் கனஅடி காற்றுக் கிடைக்க வேண்டும் என விதித்தார். 99 அடி ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பினும் நான்கு மடங்காதலின், மேலே நிமிடத்திற்கு ஆறு கனஅடியை இறைக்க வேண்டும். அமுக்கத்தை எவ்வாறு குறைத்துக்கொண்டு மேலேறுவது என்பதற்கு அவர் பொய்கொட், டமன்ட் ஆகியோருடன் 1908 இல் வெளியிட்ட அட்டவணைகளே பெரும்புகழ் பெற்றன. காற்றுப் பற்றிய விதி அப்புகழில் மறைந்துபோயிற்று.

அவ்வாராய்ச்சியில் ஒரு சிறு நிகழ்ச்சி. 1906 இல் ஸ்கொத்லாந்துக் கடலில் சோதனை நடந்தபோது, பதின்மூன்று வயதுடைய தம் மகனுக்கும் சுழியோடி உடையை அணிவித்து ஹோல்டேன் கடலுள் இறக்கினார். உடை பெரிது, மணிக்கட்டின் வழியே நீர் ஏறிற்று. அச்சிறுவன் அஞ்சாது மேல்வந்தான். அவனே பின்னாளில் 1957 இல் இந்தியாவில் குடியேறி, 1964 இல் புவனேசுவரத்தில் மறைந்த ஜே. பி. எஸ். ஹோல்டேன். 1939 இல் ‘தெத்திசு’ நீர்மூழ்கியில் 99 பேர் மாண்டபின், மூடிய கலத்தில் காபனீரொட்சைட்டு மனிதனை எவ்வாறு வெல்கின்றது என்பதைத் தம் உடலிலேயே சோதித்தவரும் அவர்தான்.

ஹோல்டேன் காட்டிய தத்துவத்தின் உட்கிடை இது: வாயுவின் தீமை அதன் விழுக்காட்டினால் அன்று, அதன் அமுக்கப் பங்கினால் அளக்கப்படுவது. மேற்பரப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு காபனீரொட்சைட்டு ஒருவனுக்குப் பெருந்தொல்லை தராது. அதே காற்று 30 மீற்றர் ஆழத்திற் சுவாசிக்கப்பட்டால் நூற்றுக்கு நான்கு பங்குக்கு ஒப்பான தாக்கத்தைத் தரும். குழியில் இறங்குவோனுக்கு இம்மடக்கு இல்லை. இருபது மீற்றர் குழியிலும் காற்றமுக்கம் ஏறத்தாழ மேற்பரப்பின் அமுக்கமே. எனவே மண்ணுக்கடியில் பொறுக்கத்தக்க அழுக்கு, நீருக்கடியில் பொறுக்கத்தகாதது. காபனோரொட்சைட்டு இன்னும் வஞ்சகமானது. ஆழத்தில் ஒட்சிசனின் அமுக்கமும் உயர்ந்திருத்தலின் நஞ்சின் குறிகள் ஓரளவு மறைந்திருக்கும். மேலேறும்போது ஒட்சிசன் அமுக்கம் குறையும். குருதியைப் பற்றிய நஞ்சோ விடாது. கரைசேரும் தறுவாயில் ஆள் மயங்குவான். காண்போர் நீரில் மூழ்கினான் என்பர்.

ஹோல்டேன் காலத்துப் பம்பைச் சுற்றியவர் மனிதர். மனிதர் களைப்பர், ஆனால் புகை கக்கார். மனிதக் கைக்குப் பதிலாகப் பெற்றோல் எஞ்சினும் டீசல் எஞ்சினும் வந்தபோது சுழியோடிக்குக் காற்றுத் தட்டுப்பாடு நீங்கிற்று, தூய்மை கெட்டது. கேட்டிற்கு வழி இரண்டு. எஞ்சினின் புகைக்குழாய் ஒருபுறமும் காற்றமுக்கியின் உறிஞ்சுவாய் மறுபுறமும் ஒரே சிறுபடகில் இருப்பின், காற்றுத் திசை மாறிய கணமே புகை உறிஞ்சப்படும். இது வெளிப்படையான வழி. மற்றது உள்வழி: அமுக்கும்போது காற்றுச் சூடேறும், உருளையை வழுவழுப்பாக்க இட்ட கனிய எண்ணெய் அவ்வெப்பத்திற் கருகினால் எந்திரத்தினுள்ளேயே காபனோரொட்சைட்டுத் தோன்றும். கருகாத எண்ணெயும் நுண்டுளியாகக் காற்றோடு சென்று நுரையீரலிற் படிந்து ஒருவகைச் சுவாச அழற்சியை விளைக்கும். தேய்ந்த வளையமும், தகாத எண்ணெயும், ஓய்வின்றி ஓடிய வெப்பமும் இதற்கு ஏது.

இவற்றைத் தடுக்கும் வடிகட்டியின் வரலாற்றிலும் நம் நாட்டுப் பொருள் ஒன்று உண்டு, அது சிரட்டை. முதலாம் உலகப்போரில் நச்சுவாயுக் கவசங்களுக்குத் தகுந்த கரியைத் தேடியோர், தேங்காய்ச் சிரட்டையின் கரி அடர்த்தியும் நுண்டுளைகளும் மிக்கதெனக் கண்டனர். அக்கரியை நீராவியோடு பெருவெப்பத்திற் பதப்படுத்தி உயிரூட்டினால், சிறு கைப்பிடி அளவே வியத்தகு மேற்பரப்பைப் பெற்று எண்ணெய் ஆவியையும் நாற்றத்தையும் பற்றிக்கொள்ளும். உயிரூட்டிய சிரட்டைக் கரியை ஏற்றுமதி செய்வதில் இலங்கை இன்று முன்னணியில் நிற்பது. 1973 இல் நிறுவப்பெற்ற ஹேகாப் நிறுவனம் அத்துறையில் உலகறிந்தது. சுழியோடியின் காற்றமுக்கி வடிகட்டியில் ஈரத்தை நீக்கும் பொருள் ஒருபடையாகவும் இக்கரி மறுபடையாகவும் அமையும்.

ஆயின் இக்கரி காபனோரொட்சைட்டைப் பற்றாது. இதனை அறியாதார் வடிகட்டி உள்ளதென்று நம்பி ஏமாறுவர். எண்ணெய் நாற்றமும் புகை நாற்றமும் கரியில் தங்கிவிட, நாற்றமற்ற நஞ்சு மட்டும் கடந்து செல்லுமாயின், வடிகட்டி எச்சரிக்கையை நீக்கி இடரை விட்டுவைத்த கருவியாகிவிடும். காபனோரொட்சைட்டை மாற்றவல்லது ‘ஹொப்கலைற்று’ எனப்படும் மங்கனீசு, செம்பு ஒட்சைட்டுக் கலவை. முதலாம் உலகப்போரின் இறுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இரண்டில் நடந்த ஆய்வினாற் கண்டது. அவ்விரண்டின் பெயர்களையும் இணைத்தே அதற்குப் பெயரிட்டனர். அது காபனோரொட்சைட்டைக் காபனீரொட்சைட்டாக்கும். ஈரம் பட்டால் செயலிழக்கும். ஆதலின் ஈரம் நீக்கும் படைக்குப் பின்னரே அதனை வைப்பர். இவற்றையெல்லாம் அமைத்த பின்னும் காற்றை அளந்து பார்க்க வேண்டும் என்பதே ஐரோப்பிய, அமெரிக்க நியமங்களின் கொள்கை. ஐரோப்பிய நியமத்தின் 2014 ஆம் ஆண்டுப் பதிப்பின்படி சுவாசக் காற்றில் காபனோரொட்சைட்டுப் பத்து இலட்சத்தில் 5 பங்கையும், காபனீரொட்சைட்டு 500 பங்கையும், எண்ணெய் ஒரு கனமீற்றரில் 0.5 மில்லிகிராமையும் மிஞ்சலாகாது.

இவ்வறிவு சப்பிரகமுவக்கு எவ்வளவு வந்தது? ஈரிடத்தை ஒப்புநோக்கலாம். கேகாலை மாவட்டத்துப் போகலைக் காரீயச் சுரங்கம் பெருநிறுவனச் சுரங்கம். அதன் தளங்கள் இன்றும் கடலாழம்போற் பாகக் கணக்கிலேயே பெயர்பெறுவன. ஆழமானவை இருநூறு பாகத்தையும் தாண்டியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்டுத்தடிகளைக் கட்டிய ஏணியில், காரீயத் தூசியால் வழுக்கும் கால்களோடு ஏறியிறங்கிய இலங்கைச் சுரங்கத் தொழில், காலப்போக்கில் மின்தூக்கி, காற்றோட்டம், துளைகருவி என்பவற்றைப் பெற்றது. அங்கே மருத்துவரும் சென்றனர்: காரீயத் தூசியினால் விளையும் நுரையீரல் நோயைப் பற்றி ரணசிங்கவும் உரகொடவும் 1972 இல் வெளியிட்ட ஆய்வு பிறநாட்டு மருத்துவ நூல்களிலும் எடுத்தாளப்படுவது. ஓரிடத்தில் நிலையாக நூற்றுக்கணக்கானோர் வேலை செய்தமையால் அவர்களை எண்ணவும் சோதிக்கவும் இயன்றது.

மாணிக்கக் குழியோ சிறுதொழில். இன்று தோண்டுவது, நாளை மூடுவது. 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏனைய கனியங்கள் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் கீழும், 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரத்தினக்கல் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையின் கீழும் அமைந்தன. குழியின் ஊதியமோ கூலியன்று, பங்கு. நிலத்துக்குரியவன், அனுமதிப்பத்திரம் பெற்றவன், நீரிறைக்கும் எந்திரத்துக்குரியவன், குழியில் உழைப்போர் எனக் கல் விற்ற பணம் பிரியும். எந்திரத்திற்கும் ஒரு பங்கு உண்டென்பது கவனிக்கத்தக்கது. துலாவினால் நீரிறைத்த காலத்தில் அப்பங்கு உழைப்போர்க்கே இருந்திருத்தல் கூடும். எந்திரம் வந்தபோது குழி ஆழமாயிற்று. மழைக்காலத்திலும் வெட்ட முடிந்தது. தோட்டத்து லயன்களிலிருந்து, இறப்பர்ப் பால் வெட்ட மழை விடாத நாள்களில், இக்குழிகளுக்குச் சென்ற இளைஞரும் உளர். கல் கிடைத்தால் பங்கு, கிடைக்காவிடின் நாட்சோறு.

எந்திரப் பம்பு குறிப்பிட்ட ஆழத்திற்கு மேல் மேலிருந்தே நீரை உறிஞ்சமாட்டாது. காற்றமுக்கம் நீரைத் தூக்கும் எல்லை, கொள்கையளவில் பத்து மீற்றர், நடைமுறையில் ஏழெட்டு மீற்றரே. இவ்வியற்கை விதியே பல உயிர்களைக் கொன்றது. நீர் அதற்கும் ஆழத்தில் இருந்தால் பம்பைக் கீழிறக்க வேண்டும். பம்போடு எஞ்சினும் இறங்கும். மின்பம்பு இல்லாதவிடத்து மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் எஞ்சினைக் கயிற்றிற் கட்டிக் கிணற்றினுள்ளோ குழியினுள்ளோ இடைத்தட்டில் வைத்து ஓட்டினால், வெளியேற வழியின்றி அதன் புகை அங்கேயே தங்கும். ஒருவன் இறங்கி வீழ்வான். அவனைத் தூக்க இறங்கியவனும் வீழ்வான். மூன்றாமவன் உறவினனாக இருப்பான். இவ்வகை மரணச் செய்திகள் இலங்கைப் பத்திரிகைகளிற் பலமுறை வந்துள்ளன. நீரை இறைத்து எஞ்சினை நிறுத்திய பின் மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்த்து, சுடர் நின்றதைக் கண்டு இறங்கியோர் அவர்களுள் இருந்திருப்பின் அவர்களைப் பேதையர் எனல் ஆகாது. தந்தையும் பாட்டனும் கற்பித்த சோதனையை அவர்கள் செய்தனர்; அச்சோதனை எஞ்சின் பிறவாத காலத்தது.

கடற்புறத்திலும் இதே காட்சியே. 1906 இல் மன்னார் முத்துப் பார்கள் இருபதாண்டுக் குத்தகைக்கு ஒரு பிரித்தானியக் கம்பனியிடம் விடப்பட்டு, அக்கம்பனி சில ஆண்டுகளிலேயே நட்டமுற்றுக் கலைந்தது. 1925 இன் சலாபத்திற்குப் பின் முத்துக்குளிப்பும் பழங்கதையாயிற்று. குளியாளியின் இடத்தைக் கடலட்டையும் சங்கும் எடுக்கும் சுழியோடி பெற்றான். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் முதுகிற் காற்றுக்கலன் சுமந்து ஒரே நாளிற் பலமுறை இறங்குவோர் உளர். தூத்துக்குடிச் சங்குக்குளியாளர் சிலர், படகில் ஓடும் காற்றமுக்கியிலிருந்து வரும் குழாயை வாயிற் கவ்விக்கொண்டு இறங்குகின்றனர். டயருக்குக் காற்றடிக்கவும் வண்ணம் தெளிக்கவும் செய்யப்பட்ட எந்திரம் அது; மனிதன் சுவாசிக்கும் காற்றுக்கென அமைந்ததன்று. படகிற் கயிறு பிடிக்கும் மைத்துனன் இன்றும் இருக்கக்கூடும். அவன் கயிற்றின் அசைவை உணர்வான். குழாயின் உள்ளே செல்வதை உணரமாட்டான்.

அவனாற் செய்யக்கூடியதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. காற்றமுக்கியின் உறிஞ்சுவாயில் ஒரு நீண்ட குழாயைப் பொருத்தி, எஞ்சின் புகை வெளிவரும் பக்கத்திற்கு எதிர்ப்புறமாக, காற்று வரும் திசையில், ஆளுயரத்திற்கு மேல் தூக்கிக் கட்டலாம். படகு திரும்புந்தோறும் அதனை மாற்றிக் கட்ட வேண்டும். குழியின்மேல் நிற்போன் எஞ்சினைக் கீழிறக்காது, நீரை இரு படியாக இறைக்கும் வகையில் இடைத்தொட்டி அமைக்கலாம். மின் கிடைக்குமிடத்து நீர்மூழ்கு மின்பம்பை இறக்கலாம். காபனோரொட்சைட்டை அளக்கும் மின்கலக் கருவி இன்று உள்ளங்கையில் அடங்குவது. மெழுகுவர்த்தியைக் கட்டிய அதே கயிற்றிலே அதனையும் கட்டி இறக்கலாம். நஞ்சு மிகின் அது ஒலியெழுப்பும். குழியின் வாயில் நிற்போர்க்கு அவ்வொலி கேட்கும்.